நாய்க்கடி சிகிச்சை நெறிமுறையில் செலவைக் கணக்கில் எடுத்தது: வடசென்னை மருத்துவமனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையில் இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடைப்பட்ட பகுதியில் இயங்கும் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை, நாய்க்கடிக்கான தன் சிகிச்சை நெறிமுறையைப் புதிதாக வகுத்தபோது செலவையும் பொருளாதாரச் சான்றுகளையும் எவ்வாறு கையாண்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மருத்துவமனையின் பெயரும், அங்கு பணிபுரிவோர், சிகிச்சை பெற்றோர் ஆகியோரின் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. நெறிமுறைக் குழுவில் சான்றுகளைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு இருந்தது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மீன் கழிவும், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கும், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் ஓரத்தில் கொட்டப்படும் மிச்சச் சோறும் இப்பகுதியில் தெருநாய்களுக்குக் குறைவில்லாமல் தீனி தருகின்றன. கடிபடுவோரில் பெரும்பாலோர் விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்கள்: மீன்கூடை சுமப்போர், ஐஸ் உடைப்போர், லாரி கிளீனர்கள், பால் பாக்கெட் போடும் பிள்ளைகள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம்தான். ஆனாலும் இரவில் கடிபட்டவரும், குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவருபவரும் அருகில் இருக்கும் மருத்துவமனைக்குத்தான் முதலில் வருவார்கள்.

வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆனால் கடித்த உடனே காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டு, தோல் கிழிந்து இரத்தம் வரும் மூன்றாம் வகைக் கடி என்றால் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும், ஏற்கெனவே உருவான எதிர்ப்புரதம்) செலுத்திவிட்டால் நோயை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிடலாம்.

அப்போது இந்த மருத்துவமனையில் தடுப்பூசி தசைக்குள்தான் போடப்பட்டது. 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஐந்து ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் நோயாளியே மருந்தகத்தில் ஒரு முழுக் குப்பி வாங்கி வர வேண்டும். மூன்றாம் வகைக் கடிக்குக் குதிரைச் சீரத்திலிருந்து எடுக்கப்படும் இம்யூனோகுளோபுலின் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் ஒவ்வாமை இருக்கிறதா எனத் தோலில் சோதனை செய்து, தடிப்பு எழுந்தால், பல மடங்கு விலையுள்ள மனித இம்யூனோகுளோபுலினை வெளியே வாங்கி வரச் சொல்வது வழக்கம்.

கவனித்தவை

ஒரு கண்டெய்னர் லாரியின் கிளீனர், கெண்டைக்காலில் ஆழமான கடியுடன் இரவில் கொண்டுவரப்பட்டார். தோல் சோதனையில் தடிப்பு எழுந்ததால் மனித இம்யூனோகுளோபுலினுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 20 அலகு வீதம் 1,200 அலகு தேவை. 300 அலகுக் குப்பியில் கணக்கிட்டால் நான்கு குப்பிகள். அவருடைய மனைவி சீட்டோடு வெளியே போனவர் மறுநாள் மாலைதான் திரும்பி வந்தார். இடையில் அடகுக் கடை திறக்கும்வரை காத்திருந்ததாகச் சொன்னார். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் இம்யூனோகுளோபுலினைச் செலுத்தலாம் என்பதால் சிகிச்சை விதியை மீறியதாக ஆகவில்லை. அவரும் நலமாக இருக்கிறார். ஆனால் கடிபட்ட காயத்தில் வைரஸ் இருந்திருக்குமானால் அந்த ஒரு நாள் முழுவதும் அதை எதிர்க்க அங்கு எதுவும் இருந்திருக்காது.

இதையடுத்து ஊசி அறையின் நாய்க்கடிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். நீள நோட்டில் பெயருக்கு எதிரே ஐந்து கட்டங்கள். முதல் இரண்டும் நிரம்பியிருந்தன. மூன்றாவதில் இடைவெளிகள் தெரிந்தன. பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் கட்டங்கள் பக்கம் பக்கமாக வெறுமையாகவே கிடந்தன. சிலவற்றில் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அவர்களில் பலரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். சிலர் மீதித் தவணையை மாநகராட்சி நிலையத்தில் இலவசமாகப் போட்டு முடித்திருந்தனர். சிலர் காயம் ஆறிவிட்டதால் விட்டுவிட்டனர். மற்றவர்கள் சொன்ன காரணம் கூலி. மீன் விற்கும் ஓர் அம்மா சொன்னது அப்படியே குறிக்கப்பட்டிருந்தது: “காலைல ஏலத்த உட்டுட்டு வந்தா அன்னிக்கு அடுப்பு எரியாது சிஸ்டர்.”

அவர் தடுப்பூசியின் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஊசி அறை காலை 8 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்கு மூடப்பட்டதைப் பற்றித்தான் பேசினார்.

குழுவும் கேள்வியும்

இரண்டு மருத்துவர்கள், ஊசி அறையின் மூத்த செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர், சான்றுத் தொகுப்பாளர் ஆகியோருடன், மேலே சொன்ன மீன் விற்கும் அம்மாவும் குழுவில் சேர்க்கப்பட்டார். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் பாதி வழியில் வந்து சேர்ந்தார்.

முதல் கூட்டத்திலேயே மூத்த மருத்துவர் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். உயிரைப் பறிக்கும் நோய்க்கான நெறிமுறையில் விலையைப் பேசத் தொடங்கினால், விலை குறைந்ததே நல்லது என்று முடிவாகிவிடும். மருத்துவர் சிறந்ததை எழுதட்டும், பணத்தை நிர்வாகம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் நிலை. அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. அதை நாங்கள் ஒதுக்கவில்லை. ஆனால் நெறிமுறையில் எழுதாமல் விட்டதனால் விலை இல்லாமல் போய்விடவில்லை. அது மருந்தக ஜன்னலில் நின்று, யாருக்கு என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதைத் தானே முடிவு செய்துகொண்டிருந்தது. அந்த முடிவு எந்தப் பதிவிலும் இல்லை, அதற்கு எவரும் பொறுப்பில்லை என்பதுதான் அதிலுள்ள தீங்கு.

எனவே ஓர் ஒழுங்கை ஏற்றுக்கொண்டோம். சான்றிலிருந்து பரிந்துரைக்கு வருவதற்கு ‘கிரேட்’ முறை வகுத்துள்ள அட்டவணையில் பலன், தீங்கு, சான்றின் உறுதி, நோயாளிகளின் விருப்பம் ஆகியவற்றோடு தேவைப்படும் வளம், செலவுக்கேற்ற பலன், சமத்துவம், ஏற்புடைமை, நடைமுறைச் சாத்தியம் ஆகியவையும் தனித்தனிக் கட்டங்களாக உள்ளன. பலனையும் பாதுகாப்பையும் முதலில் எடைபோட்டு எழுதி முடித்த பிறகே வளம் பற்றிய கட்டத்தைத் திறப்பது, செலவு பற்றிய சான்றின் உறுதியைப் பலன் பற்றிய சான்றோடு கலக்காமல் தனியே மதிப்பிடுவது என்று தீர்மானித்தோம். நெறிமுறைகளின் தரத்தை அளக்கும் ‘அக்ரீ 2’ கருவியின் 23 கூறுகளில், பரிந்துரையைச் செயல்படுத்த ஆகும் வளம் கருதப்பட்டதா என்பதும் ஒன்று. 1999இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘நைஸ்’ என்ற மருத்துவ வழிகாட்டு நிறுவனம் தன் நெறிமுறைகளில் பொருளாதார ஆய்வை நெடுங்காலமாகச் சேர்த்துவருகிறது என்பதையும் எடுத்துச் சொன்னபோது மூத்த மருத்துவர் இசைந்தார். பின்னர் இந்த வேலையில் எல்லாரையும்விட அதிக நேரம் செலவிட்டவர் அவரே.

அடுத்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது, யாருடைய செலவைக் கணக்கிடுவது என்பது. மருத்துவமனையின் செலவு மட்டும் என்றால் குப்பி, ஊசி, செவிலியர் நேரம் ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடும். நோயாளியின் செலவையும் சேர்த்தால் ஷேர் ஆட்டோ, இழந்த கூலி, துணைக்கு வருபவரின் கூலி, வட்டி எல்லாம் வரும். பதிவேட்டின் வெற்றுக் கட்டங்களுக்கு விளக்கம் இரண்டாவது பட்டியலில் இருந்ததால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவது என முடிவாயிற்று.

சான்றைப் படித்த விதம்

பொருளாதாரச் சான்று என்றதும், சிகிச்சையால் கூடுதலாகக் கிடைக்கும் ஓர் ஆரோக்கிய ஆண்டுக்கு எவ்வளவு வரை செலவிடலாம் என்ற வரம்பைப் பற்றிய பேச்சு எழுந்தது. தலா உள்நாட்டு உற்பத்தியின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை என்று பல ஆய்வுகளில் எடுத்தாளப்பட்ட அளவுகோலைத் தனி முடிவு விதியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்தவர்களே பின்னர் எச்சரித்துள்ளனர். எங்கள் கேள்விக்கு அந்த அளவுகோல் தேவையும் இல்லை. வெறிநோய்த் தடுப்பு சிகிச்சை கொடுக்கத் தக்கதா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஒரே பலனைத் தரும் வழிகளுள் எது குறைந்த செலவில் முடியும் என்பதே கேள்வி. அதாவது செலவுக் குறைப்பு ஒப்பீடு.

அந்த ஒப்பீடு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: பலன்கள் உண்மையிலேயே சமமாக இருக்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையும் தசைக்குள் போடும் முறையும் தேவையான எதிர்ப்பாற்றலை, அதாவது மில்லிலிட்டருக்கு 0.5 அலகு என்ற அளவை, எட்டச் செய்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. தோலுக்குள் போடும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே ஏற்றது. இந்தியாவில் 2006இல் அனுமதி கிடைத்தது. ஆனால் ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் தவணைகளை முடித்தவர்கள். எங்கள் பதிவேட்டில் இருந்தவர்கள் முடிக்காதவர்கள். எத்தனை முறை வர வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும் என்பவை பலனையே மாற்றிவிடும் இடத்தில், அவற்றை வெறும் செலவு வரியாக எழுதி ஒதுக்க முடியாது. எங்கள் அட்டவணையில் மிக நீண்ட விவாதம் நடந்த கட்டம் இதுதான்.

குப்பிக் கணக்கு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. தோலுக்குள் போடும்போது ஒவ்வொரு வருகையிலும் இரு மேற்கைகளிலும் 0.1 மி.லி. வீதம் மொத்தம் 0.2 மி.லி.; நான்கு வருகைக்கும் சேர்த்து 0.8 மி.லி.தான். தசைக்குள் என்றால் ஐந்து முழுக் குப்பிகள். திறந்த குப்பியைக் குளிரில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், கூட்டம் அதிகமுள்ள இடத்தில்தான் தோல்முறை மிச்சப்படுத்தும் என்றே எல்லாரும் நம்பியிருந்தோம். மருந்தாளுநர் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினார்: எவருடனும் பகிராமல் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு புதுக் குப்பியை உடைத்து மீதியைக் கொட்டினாலும் நான்கு குப்பிகள்தான் ஆகும், ஐந்துக்கு அது குறைவே. மேலும், தோல்முறையில் குப்பியின் கொள்ளளவு எதுவானாலும் அளவு 0.1 மி.லி. என்பதால், 0.5 மி.லி. குப்பி இரண்டு வருகைக்கும் 1 மி.லி. குப்பி ஐந்து வருகைக்கும் காணும். குப்பி விலையை ஒப்பிட்டு வாங்கிக்கொண்டிருந்த கொள்முதல் முறை இதைக் கவனிக்கவே இல்லை.

இம்யூனோகுளோபுலின் விஷயத்தில் வழிகாட்டிய சான்று நம் நாட்டில் பிறந்தது. சிம்லாவில் மருத்துவர் ஓமேஷ் பாரதியும் உடன் பணியாற்றியவர்களும், உடல் எடைக்குக் கணக்கிட்ட முழு அளவையும் செலுத்தாமல் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் மட்டும் செலுத்தும் முறையைக் கடைப்பிடித்துப் பதிவு செய்திருந்தனர். பற்றாக்குறையும் விலையும்தான் அவர்களை அந்த வழிக்குத் தள்ளின. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு நிலைப்பாடு இதை ஏற்றது: மீதியைத் தொலைவில் தசைக்குள் போடுவதால் கூடுதல் பாதுகாப்பு அநேகமாக இல்லை. அதே நிலைப்பாட்டின்படி, குதிரைச் சீரத்துக்கு முன் செய்யும் தோல் சோதனை ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்லும் திறனற்றது. அதைச் செய்ய வேண்டியதில்லை. செலவுப் பிரச்சினையாக எங்களிடம் வந்த கிளீனரின் நிகழ்வில் அடிப்படைக் கோளாறு அந்தச் சோதனையே. பயனற்ற ஒரு சோதனையின் முடிவு ஒரு குடும்பத்தை அடகுக் கடைக்கு அனுப்பியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தோலுக்குள் போடும் முறை, 0, 3, 7, 28 நாள்களில், வழக்கமான சிகிச்சை என வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மருத்துவர் தனியே முடிவு செய்வார்.

இதைச் செயல்படுத்த, மருந்தகத்தின் பில் முறையை மாற்ற வேண்டியிருந்தது. நோயாளி தன் காசில் வாங்கிய குப்பியிலிருந்து இன்னொருவருக்கு மருந்து எடுக்க முடியாது. ஆகவே குப்பிகளை ஊசி அறையின் இருப்பாக்கி, நோயாளியிடம் வருகை ஒன்றுக்கு நிலையான ஒரு தொகை வாங்குவது என்று ஏற்பாடாயிற்று. வீணாகும் மருந்தின் இழப்பு மருத்துவமனையுடையது. இந்த ஒரு வரியை நிர்வாகத்திடம் ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் ஆண்டுச் செலவின் மதிப்பீடு தேவைப்பட்டது. கணக்குப் பிரிவினர் அதை ஒரு பக்கத்தில் தயாரித்துக் கொடுத்தார்.

இம்யூனோகுளோபுலினில் குதிரைச் சீரமே முதல் தெரிவு. காயத்துக்குள் மட்டும் செலுத்துவது. தோல் சோதனை இல்லை. பெட்டியில் வரும் விளக்கத் தாள் சோதனை செய்யச் சொன்னதால், மருத்துவமனையின் மருந்துக் குழு காரணங்களை எழுத்தில் பதிந்து ஒப்புதல் தந்தது. கடும் ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும், ஊசிக்குப் பின் அரை மணி நேரமாவது கண்காணிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இந்தியாவில் கிடைக்கும் ஒற்றை வகை எதிர்ப்புரதம் (மோனோகுளோனல் ஆன்டிபாடி) மாற்று வழியாகக் குறிக்கப்பட்டது.

மாலை 6 மணி முதல் 8 மணி வரை ஊசி அறையைத் திறந்து வைப்பது நான்காவது முடிவு. மருத்துவமனையின் கணக்கை மட்டும் பார்த்தால் இது கூடுதல் செலவு. நோயாளியின் கணக்கில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி மிஞ்சுகிறது. மாலையில் பலர் ஒரே நேரத்தில் கூடுவதால் குப்பியும் நன்றாகப் பகிரப்படும் என்று செவிலியர் சொன்னது கூடுதல் வாதமாயிற்று.

இருபத்தெட்டாம் நாள் ஊசி பற்றி ஒருமனதான முடிவு எட்டப்படவில்லை. 0, 3, 7 என மூன்றே வருகையில் முடியும் ஒரு வார முறையை உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஏற்றிருந்தது. தவறும் தவணைகளுள் பெரும்பகுதி இருபத்தெட்டாம் நாளுடையது என்பதால் அது எங்கள் நோயாளிகளுக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. ஆனால் தேசிய வெறிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நெறிமுறை நான்கு வருகையைச் சொல்கிறது. பாதித் தவணையை இங்கும் மீதியை மாநகராட்சி நிலையத்திலும் போடுகிறவர்கள் நிறைந்த பகுதியில், ஒரு மருத்துவமனை மட்டும் தனி அட்டவணையைப் பின்பற்றினால் அட்டையைப் பார்க்கும் செவிலியருக்குக் குழப்பமே மிஞ்சும். எனவே தேசிய முறையே நீடித்தது. மாற்றுக் கருத்தும் நெறிமுறையில் அச்சிடப்பட்டது.

மருத்துவமனையின் இரண்டு கிளை மருத்துவகங்களிலும் காயம் கழுவும் குழாயும் சோப்பும் கட்டாயமாக்கப்பட்டன. அங்கு வரும் மூன்றாம் வகைக் கடி, கழுவிய உடனே மருத்துவமனைச் செலவில் தலைமையிடத்துக்கு அனுப்பப்படும்.

தொடர்ந்து நடந்தவை

முதல் சில வாரங்கள் கடினமாக இருந்தன. தோலுக்குள் ஊசி சரியாக ஏறினால் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளியிட்ட சிறு மேடு எழும். ஊசி முனை சற்று ஆழமாகப் போனால் மேடு எழாது, மருந்தை அருகில் மீண்டும் போட வேண்டும். மூத்த செவிலியர் ஒவ்வொருவரையும் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தினார். பயிற்சிக்கு ஆகும் இந்த நேரத்தை மதிப்பீட்டில் குறைத்தே எழுதியிருந்தோம்.

நோயாளிகளின் ஐயம் வேறு விதமாக இருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் முதியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. இவ்வளவு துளி மருந்து எப்படிக் காக்கும், காசு குறைவென்றால் மருந்தும் மட்டமா என்று கேட்டவர்களுக்கு, குழுவில் இருந்த அம்மா மாலை நேரங்களில் வந்து தன் கையைக் காட்டிப் பேசினார். மருத்துவர்களின் விளக்கத்தைவிட அதுவே எடுபட்டது.

ஒரு நோயாளியின் முழுச் சிகிச்சைச் செலவு வெகுவாகக் குறைந்தது. ஏழாம் நாள் கட்டங்கள் பதிவேட்டில் நிரம்பத் தொடங்கின. மாலை வருகை காலை வருகையை முந்தியது. மனித இம்யூனோகுளோபுலினுக்கு வெளிச் சீட்டு எழுதுவது அரிதாயிற்று. இருபத்தெட்டாம் நாள் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. விசைப்படகுத் தொழிலாளர்கள் ஒரு முறை கடலுக்குப் போனால் பல நாள் திரும்புவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடிபட்டவர்கள் தவணையை முடிப்பதும், மற்ற மாதங்களில் கடிபட்டவர்கள் விட்டுவிடுவதும் கண்ணுக்குத் தெரிந்தன. மாலை நேரம் கூலி இழப்பைத் தவிர்த்ததே தவிர, ஊரில் இல்லாத ஒருவரை வரவழைக்க அதனால் இயலவில்லை.

சிகிச்சை பெற்றவர்களில் வெறிநோய் கண்டதாக எங்களுக்குத் தகவல் இல்லை. ஆனால் பழைய முறையிலும் அப்படி ஒரு தகவல் வந்ததில்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து இரு முறைகளின் பாதுகாப்பை ஒப்பிட முடியாது. அதற்கு வெளியிடப்பட்ட சான்றையே நம்ப வேண்டும்.

மாற்ற வேண்டியவை

மருந்தாளுநரும் கணக்குப் பிரிவினரும் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். குப்பியின் கொள்ளளவு, பில் முறை ஆகிய இரண்டும் நெறிமுறையின் விளைவைத் தீர்மானித்தன. இரண்டையும் மருத்துவச் சான்றிலிருந்து மட்டும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நோயாளியின் செலவைத் தொலைபேசி உரையாடல்களிலிருந்து தொகுத்தது போதாது. முதல் வருகையிலேயே போக்குவரத்து, கூலி, துணையாள் ஆகிய மூன்று கேள்விகளைப் பதிவேட்டில் சேர்க்கும்படி அடுத்த திருத்தத்துக்குப் பரிந்துரைத்துள்ளோம். வேறிடத்தில் முடித்த தவணையைக் குறிக்கவும் ஒரு கட்டம் வேண்டும். அது இல்லாததால் வெற்றுக் கட்டங்களில் எத்தனை உண்மையான விடுபடல் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

விலைகள் மாறுகின்றவை என்பதால் செலவுக் கட்டங்கள் மட்டும் ஆண்டுதோறும் மறுபார்வைக்கு வரும். பலன் பற்றிய கட்டங்கள் புதிய சான்று வரும்போது மட்டும் திறக்கப்படும். ஒற்றை வகை எதிர்ப்புரதத்தின் விலை குதிரைச் சீரத்தை நெருங்கினாலோ, தேசிய நெறிமுறை ஒரு வார முறையை ஏற்றாலோ, அதற்குரிய பரிந்துரை ஆண்டு முடியக் காத்திராமல் உடனே குழுவின் முன் வைக்கப்படும். கடலுக்குப் போகும் தொழிலாளர்களுக்கு, கடற்கரையோர ஊர்களில் உள்ள எந்த அரசு நிலையத்திலும் காட்டித் தவணையைத் தொடரும் வகையில், கடைசி ஊசியின் தேதி பெரிய எழுத்தில் அச்சிட்ட நனையாத அட்டை இப்போது கொடுக்கப்படுகிறது.